குறுக்கே பாய்ந்த குரல்

என்னவருக்கு,

ஆய்வேடு தேறிவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்கள் மேலாளருக்குப் பயந்தே வாய் திறப்பதில்லை என்று மூன்று வருடமாக நான் கட்டிய கோட்பாடுதான் தேறவில்லை.

ஏட்டைக் கொடுக்கும் முன் பேட்டிகளின் ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். யார் வாய் திறந்தாலும் நான் குறுக்கே பாய்கிறேன். இஸ்திரி போடும் அக்கா ஓரிடத்தில், "நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கிறியே, நான் எதுக்கும்மா?" என்று சிரிக்கிறார். அந்த வரியை அன்று எழுதாமலே விட்டிருக்கிறேன்.

இப்போது அதையே முதல் அத்தியாயத்தில் வைத்தேன். "இப்பதாம்மா இது ஆய்வு" என்றார் நெறியாளர். போன உயிர் திரும்பி வந்தது.

உங்களை உம்மணாமூஞ்சி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அதுவும் நான் கட்டிய கோட்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் போய்த் தங்கியிருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்கே வருகிறேன். கேள்வித்தாளை இங்கேயே வைத்துவிட்டு.

உங்கள்
வாயாடி