மிஸஸ் விட்லாக்கை யாரும் கேட்கவில்லை

6 பிப்ரவரி 1996, செவ்வாய்

எங்கள் ஊர் மான்மவுத் ஜங்ஷன் முழுக்கப் பனி. ஸ்கூல் லீவு. மகள் தென்றலின் காமிக்ஸ் கட்டை எடுத்து உட்கார்ந்தேன். பறக்கிற ஹீரோவைவிட, அவன் அபார்ட்மென்ட்டில் லாண்டரி அறையைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் விட்லாக்தான் எனக்குப் பிடித்துப்போனாள். தடம் புரண்டு வரும் ரயிலை இடது கையால் நிறுத்துகிறாள். இடுப்பில் துணிக்கூடை வேறு. ஒரு சாக்ஸ்கூடக் கீழே விழவில்லை. அப்புறம் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறாள். பேப்பரில் போட்டோ ஹீரோவுக்கு!

"இவளை ஏன்டி ஹீரோவோட டீம்ல சேர்க்கலை?" என்றேன்.

"ஷீ இஸ் ஜஸ்ட் எ சைடு கேரக்டர், அம்மா." பத்து வயசு. என் தமிழுக்கு இங்கிலீஷில்தான் பதில்.

11 பிப்ரவரி

வாசகர் கடிதப் பக்கத்தில் ஒருவன் எழுதியிருக்கிறான் — மிஸஸ் விட்லாக்குக்கு ஆசையே கிடையாதாம், அதுதான் அவள் அழகாம். உனக்கு எப்படியப்பா தெரியும்? யாராவது அவளைக் கேட்டீர்களா?

2 மார்ச்

கிரீன் கார்டு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. வேலை பார்க்க அனுமதியில்லாத டிபெண்டென்ட் விசாவில் இருக்கும் நானும் இனி வொர்க் பர்மிட் கேட்கலாம். ஐந்து வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன்? எம்.எஸ்ஸி. பிசிக்ஸ், ஈரோட்டில் மூன்று வருஷம் லெக்சரர். வேலைக்குப் போகும் ஆசையை என் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை. தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

இன்று லாயர் ஆபீஸிலிருந்து விண்ணப்பத்தின் காப்பி வந்தது. இவருடைய பர்மிட் ஃபாரம் இருக்கிறது. என்னுடையது இல்லை.

"உன்னோடது எதுக்கு? நீ வேலைக்கா போகப்போறே? நிம்மதியா வீட்ல இரு, கண்ணு." ஆசையாகத்தான் சொன்னார்.

கத்தியிருக்கலாம். சாம்பாருக்குத் தாளித்தேன். அடச்சே, என்ன பொம்பளை நான்!

3 மார்ச்

கெட்டவரா? இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

20 மார்ச்

புது இதழ். ஹீரோ கடைசியில் வந்து கேட்டேவிட்டான், எங்களோடு சேருகிறாயா என்று. மிஸஸ் விட்லாக் "நோ, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கிறாள். முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவாவது அவளுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்ததே. எனக்கு? சரி, நான் மட்டும் வாயைத் திறந்தேனா?

ஃபாரத்தை நானே நிரப்பி இவர் முன்னால் வைத்தேன்.

"நான் வேலைக்குப் போகணுங்க."

காபியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷம் ஏன் சொல்லலை, ஸ்வர்ணா?"

"நீங்க ஏன் கேட்கலை?"

எழுந்து கார் சாவியைத் தேடினார். "வா, ஃபாரத்துக்கு போட்டோ எடுத்துட்டு வந்துரலாம்."

29 ஜூலை

பர்மிட் வந்துவிட்டது. போட்டோவில் முறைக்கிறேன்.

3 செப்டம்பர், செவ்வாய்

கம்யூனிட்டி காலேஜில் பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட். இன்று முதல் நாள். எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் தென்றலுக்கு இவர்தான் தலை பின்னினார். ஒரு சடை காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்துக்குக் கீழே.

"அப்பா, இட்ஸ் க்ரூக்டு!" என்று கண்ணாடி முன்னால் நின்று கத்தினாள். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.