கோடு ஏறுது தம்பி

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு,

சின்னம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறையில்லை, ஒஸ்லோக் குளிரில் நீரும் குறையில்லாமல் இருக்க வேண்டுமென்று நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஆட்கள் போன பிறகு குசினி வாசலில் நின்று, "அப்பாக்குக் கடைசி மட்டும் அந்தக் கோடு விளங்கேல்லைத்தானே?" என்று என்னிடம் கேட்டீர். தேத்தண்ணி ஆறுகிறது, குடியும் என்றேன். விளங்கியது என்று நான் சொல்லவில்லை. அடுத்த நாள் நீர் விமானம் ஏறிவிட்டீர். இப்போது, வாயை மூடிக்கொண்டிருந்து அப்பாவை ஏமாற்றிவிட்டேன், இனி அந்தக் கணக்கைத் தொடவே ஏலாது, ஆராய்ச்சியை விடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர். நான் உம்மைப் பெற்றவள் இல்லை, உம் அப்பாவை மணந்து வந்த நாளிலிருந்து நாம் இருவரும் பட்டும்படாமல்தான் கதைத்திருக்கிறோம், போனில் இதைச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் கடிதம்.

கட்டிகள் எப்படி வளரும், மருந்துக்கு எப்படிச் சுருங்கும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் உம் வேலை என்பது அப்பாவுக்குப் பெருமை. தனக்கே கட்டி என்று தெரிந்ததும், "ஊரான்ரை கட்டியெல்லாம் பாக்கிறாய், அப்பன்ரை கட்டியையும் ஒருக்காப் போட்டுப் பாரன்" என்று நச்சரித்தார். இது வைத்தியத்துக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு என்று நீர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஸ்கான் அளவுகளை என்னைக் கொண்டு அனுப்புவித்தார். நீர் அனுப்பிய படத்தில் ஒரு கோடு கீழே இறங்கி, கொஞ்சம் கிடந்து, பிறகு மேலே ஏறியது. மருந்து கேட்கிற கலங்கள், அதுதான் செல்கள், செத்துக் கட்டி சுருங்கும், மருந்துக்கு மசியாதவை மிஞ்சி நின்று பெருகும் என்று எனக்குத் தனியாக விளங்கப்படுத்தினீர். அதற்குள் அவர் படத்தை அச்செடுத்து அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டார். நம் ஆட்களுக்குக் கணித்தது என்றால் சாதகக் குறிப்புத்தானே. இறங்குகிற இடம் கெட்ட தசை, ஏறுகிற இடம் நல்ல காலம் என்று வாசித்தார். "சனியும் பாக்காமல் செவ்வாயும் பாக்காமல் குறிப்புக் கணிச்ச சாத்திரி என்ரை மகன் ஒருத்தன்தான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். மருந்து உண்மையிலேயே வேலை செய்த மாதங்களில், கோடு கீழே போகிறதே என்று முகம் வாடிக் கிடந்தார். படத்தில் கோடு திரும்புகிற மாதம் வந்ததும் வீடியோவில் உம்மிடம் "கோடு ஏறுது தம்பி" என்று சிரித்தார். நீர் பேசாமல் இருந்தீர். பக்கத்தில் இருந்த நானும் பேசவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அவர் அந்தப் படத்தைக் கழற்றி மடித்துக்கொண்டு வந்தார். டொக்டர் ஜுமானாவிடம் நீட்டி, நல்ல காலம் தொடங்கிவிட்டதாம் என்றார். ஜுமானா என்னைப் பார்த்தார், பிறகு கதிரையை அப்பாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, "அங்கிள், இது ஒங்கட நல்ல காலம் இல்ல, கட்டியிட அளவு. மேல போனா கட்டி பெரிசாகுதுண்டு அர்த்தம்" என்றார். அப்பா கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப என்ரை மகன் போட்ட கணக்குச் சரியோ?" ஜுமானா புது ஸ்கானையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, நல்லா ஒத்துப்போகுது அங்கிள் என்றார். பஸ்ஸில் ஏறியதும் அப்பா கொண்டக்டரிடம் சிங்களத்தில், "புத்தாகே காண ஹரி மல்லி", மகனின் கணக்குச் சரி தம்பி என்றார். அந்த மனிதர் மிச்சக்காசைச் சொல்கிறார் என்று நினைத்து "ஹரி அங்கிள், ஹரி" என்று தலையாட்டினார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன், பிறகு வெள்ளவத்தையில் இறங்கும் வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பழைய இடத்திலேயே ஒட்டினார். "அவனுக்குச் சொல்லிப்போடாதையும். பெடியன் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்திடுவான்" என்றார். அதன்பிறகு நீர் எடுத்த ஒவ்வொரு அழைப்பிலும் "கோடு ஏறுது தம்பி" என்று அவர் சிரித்தது எல்லாம் தெரிந்துகொண்டுதான். அவர் செய்தது சரி என்று சொல்ல நான் வரவில்லை. உம்மை நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கலாம் என்று அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, செத்தவரோடு சண்டை பிடிக்க முடியாமல் அலுமாரிக் கதவை அடித்துச் சாத்துகிறேன்.

வேறு விசேடம் இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி மறுபடி ஒழுகுகிறது, கீழ்வீட்டுக்காரர் தினமும் வந்து முறையிடுகிறார். உம் அறையைக் கூட்டிப் பூட்டி வைத்திருக்கிறேன். ஆராய்ச்சியை விடுவதும் விடாததும் உம் விருப்பம், அதில் நான் தலையிட மாட்டேன். அப்பாவை ஏமாற்றினேன் என்ற காரணத்துக்காக மட்டும் விட வேண்டாம், அந்தக் காரணம் உண்மையில்லை. வெறும் பாணோடு இரவைக் கழிக்காமல் சோறு ஆக்கிச் சாப்பிடும். அவர் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடும், நான் போனுக்குக் கிட்டத்தான் இருப்பேன். முருகன் உம்மைக் கைவிடாமல் காக்கட்டும்.

உமது சின்னம்மா,
உஷாந்தி வரதராசா

பி.கு: கடைசி அழைப்பில் அவர் நெடுநேரம் பகிடி விட்டுக் கதைத்தது உமக்கு நினைவிருக்கும். நீர் போனை வைத்த பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று ஒன்றும் சாப்பிடவில்லை.