சிவப்பு வண்டியின் மூடிக்கு அடியில்

அன்புள்ள லட்சுமம்மாவுக்கு,

இப்போதுதான் எழுதக் கற்றேன், என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பலமனேரில் மழையா?

எங்கள் தொழிற்சாலையில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். வெளியார் பார்க்காதபடி கறுப்புத் துணி போர்த்தி அதைச் சோதனைக்கு ஓட்டிய நாள்முதல் அங்கே கூட்டுகிறவன் நான். நேற்று கடைசி வண்டியின் என்ஜினை மூடும் பானெட்டுக்கு உள்பக்கம் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போய் நின்றேன்.

"உனுக்கு எதுக்கு பெரியவரே? கைநாட்டு தான?" என்று சிரித்தான் சூப்பர்வைசர் ஹரிபாபு.

"பேனாவ குடு நைனா. பார்த்துக்கினே இரு."

மெதுவாக என் பெயரை எழுதினேன். பக்கத்தில் உன் பெயரையும் எழுதினேன். உன் பெயரைத் துடைக்கச் சொன்னான் ஹரிபாபு. துடைக்காமல், துணியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்யும் ரகு ஊருக்கு வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை. என்னை வேலையை விடச் சொல்லும் நம் மகனிடம், அடுத்த புது வண்டியிலும் எழுதிவிட்டுத்தான் வருவேன் என்று சொல். அடுத்த வாரக் கடிதத்தில் வரி நேராக இருக்கும்.

ஏகாம்பரம்