பிடுங்கிய பந்தக்கால்

21.5.1983, சனி

நாளைக் காலை தாலி கட்டு. நான் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தும் முதல் கல்யாணம். படபடப்பில் தூக்கமே வரவில்லை.

கல்யாணம் நடக்கும் இந்த மலையூரில் ஒன்றும் கிடைக்காது என்று போளூரிலிருந்தே எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றி வந்தேன். பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் வந்து அசந்துபோகட்டும் என்று மத்தியானத்துக்குள் பந்தலையும் போட்டு முடித்துவிட்டேன். சாயங்காலம் பெண்ணின் தாய்மாமன் வந்தார். பந்தலைப் பார்த்ததும் வெளியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? பந்தக்காலு நான் நடணும். நீயே நட்டுட்டா எனக்கு இங்க இன்னா வேல? வூட்டுக்குப் போறேன்."

திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அம்மா அழுதாள். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் ஏது? ஓடிப்போய் வாசல் பக்கத்துக் காலை நானே பிடுங்கினேன். பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அண்ணே, உங்க கை படாம இது நிக்காது. வந்து நட்டுக் குடுங்க."

முறைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, அழுத்தி நட்டார்.

இனி எந்தக் கல்யாணம் எடுத்தாலும் ஒரு காலை நடாமல் வைப்பேன். எத்தனை கல்யாணம் எடுக்கப்போகிறேனோ!

அவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே என் சமையல்காரரை அதட்டுவது இங்கே கேட்கிறது: "யோவ், அந்தக் கால்ல சாயாத. அது நான் நட்டது."