மூன்றாவது ஜன்னல்

மேற்குத் தாம்பரம்
19.2.2006

அன்பு மகள் உதயாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ விட்டுப்போன கலர் டப்பா மட்டும் நன்றாக இல்லை. காரணம் கீழே வருகிறது. பரோடாவில் குளிர் குறைந்ததா? ஹாஸ்டல் சப்பாத்தி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

முதலில் முக்கியமான விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், மார்ச் ஐந்தாம் தேதி உனக்கு நிச்சயதார்த்தம், காலேஜில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா என்று சொன்னேன் அல்லவா? வர வேண்டாம். நிச்சயம் கிடையாது. நான்தான் நிறுத்தினேன். உன் கிளியம்மாள் அத்தை இன்றோ நாளையோ உன்னைக் கூப்பிட்டு, உங்கப்பனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு என்பாள். ஆமாம் அத்தை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடு.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டாவது வாக்கியத்திலேயே அம்மா ரிசீவரைப் பிடுங்கிவிடுவாள். தவிர, இந்தக் கடிதத்தோடு ஒரு பொருளும் வருகிறது. பத்தாவதை மூன்று தடவை எழுதிப் பாஸ் செய்தவன் எழுதுவது இது, தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

பொங்கல் லீவுக்கு வந்தபோது பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தாயே. ஊருக்குப் போகிற கூட்டம், மூட்டை, முடிச்சு, தெற்கே போகிற பஸ்கள். பால்பாயிண்ட் பேனா, மெழுகுக் கலர், டீத்தண்ணி, கீழே கிடந்த பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு எல்லாம் அதில் இருந்தது. கிளம்பும்போது அதை என் கையில் கொடுத்து, பத்திரமா வெச்சுக்கோப்பா என்றாய்.

உன் அப்பாவுக்குப் பத்திரம் என்றால் ஒரே அர்த்தம்தான். என் மார்க் ஷீட், ரேஷன் கார்டு, குலதெய்வம் போட்டோ எதுவானாலும் லேமினேஷன். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களே, உன் திறமையை ஹாலில் மாட்டிக் காட்டலாம் என்று கோபு கடைக்கு எடுத்துப் போனேன். அவன் தடவிப் பார்த்து, சார், இது க்ரேயான் மாதிரி கீதே, மெஷின் சூடு தாங்குமா என்று கேட்டான். நான், உன் வேலையைப் பாருப்பா என்றேன். மெஷினின் அந்தப் பக்கம் வெளியே வந்ததை இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பஸ்ஸின் சிவப்பு, புடவைக்காரியின் பச்சையில் இறங்கி ஓடியிருந்தது. ஏ.டி.எம். சீட்டு கரியாகக் கறுத்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லப் பயந்துதான் போனில் மூன்று முறை குளிர் எப்படி என்று கேட்டேன்.

ஆனாலும் மாட்டினேன். வந்தவர்களிடம் மாடர்ன் ஆர்ட் என்றேன். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

மாப்பிள்ளை ஹேமநாத் நல்ல பையனாகவே இருக்கலாம். கேசரிக்குத் தவிர வாயைத் திறக்கவில்லை. பேசியதெல்லாம் அவன் அப்பாதான். நெல் விளைந்த நிலத்தில் இப்போது நாலு மாடி விளைவிக்கிறவர். பொண்ணு படம் போடறது தப்பில்லைங்க, நம்ம வீட்டுல ஏசி ரூம் இருக்கு, உள்ள உக்காந்து எவ்ளோ வேணா போடட்டும், ரோட்டுல உக்கார்றது மட்டும் வேணாம், நாலு தெரிஞ்சவங்க போற வழி பாருங்க என்றார். நான், அதுக்கென்னங்க, நிறுத்திடுவா என்றேன். ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேசரி வை என்று அம்மாவிடம் சொன்னேன்.

அவர்கள் போனதும் எனக்கு ஒரே கவலை, நீ வந்து படம் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது என்பதுதான். அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று வரைந்து வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. வயிற்றுவலி என்று கம்பெனிக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, பரீட்சை அட்டையில் சார்ட் பேப்பரைக் கிளிப் போட்டு, உன் கலர் டப்பாவோடு வியாழக்கிழமை பெருங்களத்தூருக்குப் போனேன். நீ உட்கார்ந்த அதே இடத்தில், வேர்க்கடலை வண்டிக்குப் பக்கத்தில், ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இருபது வருஷமாக அந்த வழியாகத்தான் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அங்கே ஒரு மின்கம்பம் சாய்ந்து நிற்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேர்க்கடலை முனியம்மா என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, இன்னா சார், ரோட்டை அளக்க வந்துகினியா, எங்க வண்டி கோட்டுக்கு உள்ளாறதான் கீது என்றாள். படம் போடுகிறேன் என்று காட்டினேன். எட்டிப் பார்த்து, எருமை நல்லா கீது என்றாள். அது பஸ்.

மஞ்சள் கலர் தீர்ந்துபோய்விட்டது. மறுநாள் வீட்டிலிருந்து மஞ்சள்தூளும், ஒரு பாட்டிலில் காபி டிகாக்ஷனும் எடுத்துப் போனேன். டிகாக்ஷனைத் தேடிய அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை முனியம்மாவிடம் நீ என் மகள் என்று சொன்னேன். உடனே ஒரு பொட்டலம் கடலையைக் கையில் திணித்தாள். அந்தப் பொண்ணா, மூணு நாளு எங்கூடத்தான் குந்திகினு இருந்துச்சு, இருட்டப் போவுதே, தனியா பயமா இல்லியான்னு கேட்டேன், எங்கப்பா கம்பெனி பஸ்ஸு ஆறு மணிக்கு இந்தாண்டதான் வரும், என்னைப் பார்த்தா இறங்கிடுவாரு, ரெண்டு பேருமா வூட்டுக்குப் போவோம்னு சொல்லிச்சு, நீ ஏன் சார் இறங்கல என்று கேட்டாள்.

கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உதயா, அன்றைக்கு நான் உன்னைப் பார்த்தேன். பொங்கல் நெரிசலில் எங்கள் பஸ் உனக்கு எதிரே பத்து நிமிஷம் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ் செக்ஷன் யக்ஞநாராயணன், யாரு சார் அந்தப் பொண்ணு, ரோட்டுல உக்காந்து ஏதோ கிறுக்குது என்று கேட்டார். தெரியலையே என்றேன். அப்படியே கழுத்தைத் திருப்பி, அந்தப் பக்கத்து பிளாட் விளம்பரத்தைப் படித்தேன். மூன்று படுக்கையறை, நீச்சல் குளம், தடையில்லாத தண்ணீர். இன்றைக்கும் ஒப்பிப்பேன். நீ ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்து, பசிக்குதும்மா என்று மட்டும் சொன்னாய்.

முனியம்மா சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து உன் படத்தை ஆணியிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலரெல்லாம் ஓடியிருந்தாலும் பேனாக் கோடு ஓடவில்லை. மூலையில் எங்கள் கம்பெனி பஸ். எல்லா ஜன்னலிலும் முகம். மூன்றாவது ஜன்னலில் மட்டும் ஒரு பின்னந்தலை. நடுவில் வழுக்கை. எனக்கு இருப்பது எட்டணா அளவு, நீ ஒரு ரூபாய் அளவு போட்டிருக்கிறாய், ஆனால் ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அதை என் கையிலேயே கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். நானும் லேமினேட் செய்து ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு எதிரே ஒரு பெரிய கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. ஹேமநாத்தின் அப்பா. சம்பந்தி, என்னங்க இது, ரோட்டுல போயி, எழுந்திரிங்க, ஏறுங்க என்றார். என் கழுத்து பழைய வழக்கப்படி திரும்பத்தான் பார்த்தது. நான் விடவில்லை. சார், வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க, பஸ் ஸ்டாப் மறைக்குது என்றேன். அவர், பொண்ணு ரோட்டுல உக்காரக் கூடாதுன்னுதானே அன்னிக்குப் பேசினோம் என்றார். பேசினதை வாபஸ் வாங்கிக்கறேன், இப்ப அப்பன் உக்காந்திருக்கேன், லீவுக்கு வந்தா பொண்ணும் பக்கத்துல உக்காருவா, இது பிடிக்கலைன்னா வேற இடம் பாருங்க என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். முனியம்மா வேறு சும்மா இல்லாமல், சொல்றாரில்ல, நவுரு சார், யாவாரம் கெடுது என்றாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனி பஸ் வந்து நின்றது. யக்ஞநாராயணன் ஜன்னலில் தலையை நீட்டி, ஏகநாதன் சார், வயித்துவலின்னு சொன்னீங்க என்று கத்தினார். நான் எழுந்து நின்று, அன்னிக்குக் கேட்டீங்களே, யாரு அந்தப் பொண்ணுன்னு, எம் பொண்ணு சார், எம் பொண்ணு என்று ரோடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கார் போய்விட்டது. நாளைக்குக் கம்பெனியில் வயிற்றுவலிக்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று காலை நான் வரைந்த படத்தை மட்டும் எடுத்துப் பார்த்து, பஸ்ஸுக்கு வால் எதுக்கு என்று கேட்டாள். பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

நீ யாரைக் கட்டிக்கொண்டாலும் கட்டிக்கொள்ளாவிட்டாலும் சரி. எந்த ஊர் ரோட்டில் உட்கார்ந்து வரைய வேண்டுமோ அங்கே உட்கார். எவன் கேட்டாலும் என் பெயரைச் சொல்.

நான் வரைந்த படத்தை இத்துடன் அனுப்புகிறேன். லேமினேட் செய்யவில்லை. ஓரத்தில் ஒட்டியிருப்பது நான் போய்வந்த பஸ் டிக்கெட். கடலைத்தோல் தானாக விழுந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாவது ஜன்னலில் ஒரு முகம் போட்டிருக்கிறேன். உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் நீ உட்கார்ந்திருந்த பக்கமாகத்தான் பார்க்கிறது. நீ படித்தவள், பஸ், மின்கம்பம், முனியம்மா எதை வேண்டுமானாலும் திருத்து. அந்த முகத்தை மட்டும் அப்படியே விட்டுவிடு, கண்ணு.

உன் அப்பா
ஏகநாதன்