கோடையில் அளக்காத கிணறுகள்

நவம்பர் 19, புதன்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. சேதராப்பட்டு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்காரர் நனைந்துகொண்டே வந்தார். மாவு புளித்துப்போயிருந்தது. வெங்காயம் போட்டுத் தோசை ஊற்றிச் சமாளித்தாயிற்று.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, ஸ்கூட்டிக்கு பிரேக் கேபிள், அவருக்கு ரெயின்கோட் (இந்த வருஷமாவது).

இந்தப் பக்கம் தோண்டப்போகிற நிலக்கரிச் சுரங்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த புதன்கிழமையாம். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பாகூர் கல்யாண மண்டபம், காலை பத்து மணி. டீக்கடையில் பேசிக்கொண்டதை அவர் வந்து சொன்னார்.

"டெல்லி பர்மிசனே இன்னும் வரலியாம். பணம் போடறேன்னு வந்தவனும் கழண்டுக்கினானாம். இவனுங்க எங்க தோண்டப் போறானுங்க?"

கடையே சிரித்ததாம். நானும் சிரித்தேன். சுரங்கம் வராமல் போனால் அந்த ஃபைலை யாரும் திறக்க மாட்டார்கள். நான் எழுதியதும் அதற்குள்ளேயே கிடந்து மட்கிப்போகும். அப்படியே ஆகட்டும் மாதாவே.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டிருக்கிறது. மத்தியானம் அருள் அண்ணன் வந்தார். கூடப் பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். கரிக்கலாம்பாக்கத்தில் நெல் போடுகிறார், சுரங்க எதிர்ப்புக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கையில் ஜெராக்ஸ் கட்டு. சுரங்கக்காரர்கள் கொடுத்த அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம். உட்காரவே இல்லை, நின்றபடியே பக்கத்தைத் திருப்பினார்.

"இன்னா எழுதிக்கிறானுங்க பாரு. பன்னெண்டு கெணத்துல வாராவாரம் அளந்தாங்களாம். கோடையிலயும் தண்ணி எறங்கவே இல்லியாம். அதனால சொரங்கத்துக்குத் தண்ணி எறச்சாலும் வெவசாயத்துக்கு ஒண்ணும் ஆவாதாம். ஏழாம் நம்பர் கெணறு நம்பளுது. மே மாசம் அதுல தவள கூட இல்லன்னு உங்க அண்ணி அழுதா. நீதானே அளந்தே?"

"ஆமாண்ணா."

"அப்ப மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உக்காந்து நம்பர மாத்திட்டானுங்க. நீ எழுதுன நோட்டு இருக்குதுல்ல?"

"இருக்குண்ணா."

ஏன் அப்படிச் சொன்னேன்? தொலைந்துவிட்டது, கரையான் தின்றுவிட்டது, எதையாவது சொல்லியிருக்கலாம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பத்திரமா வையி பாப்பா. கூட்டத்துல அந்த நோட்ட நீயே காட்டணும். ஆடிப்போயிடுவானுங்க."

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். சென்னையிலிருந்து வந்த ஆய்வுக் கம்பெனி வாரம் ஒரு நாள் பன்னிரண்டு கிணறுகளில் டேப் விட்டு அளக்கிற வேலையைக் கொடுத்தது. தண்ணீர் சர்வே என்றார்கள். சுரங்கம் என்ற பேச்சே அப்போது இல்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஒழுங்காகப் போனேன். ஏப்ரலும் மேயும் ஒரு நாள்கூடப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. வெயில். ஸ்கூட்டி சீட்டில் உட்கார முடியவில்லை. அபிஷேகப்பாக்கத்துக் கிணற்றில் ஒரு நாய் துரத்தும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, மார்ச் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போட்டு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கைகூப்புகிற பொம்மை போட்டு "தேங்க்யூ மேடம்" என்று பதில் வரும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சென்னையில் யாரும் எதையும் மாற்றவில்லை. நோட்டிலும் அதே பொய்தான் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

நவம்பர் 22, சனி

வெயில் அடித்தது. துணி காய்ந்தது. சந்தோஷப்பட அது ஒன்றுதான்.

அண்ணன் குழுக் கூட்டத்தில் நோட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அபிஷேகப்பாக்கத்தில் ஒரு பெரியவர் என் வண்டியை நிறுத்தினார். முன்பின் பார்த்ததில்லை.

"நீதானேம்மா அந்த நோட்டு வச்சிக்கினு இருக்கிற பொண்ணு? உன்னிய நம்பித்தாம்மா இருக்கோம். ஒன்ர காணி இருக்குது, அத வுட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

சாயங்காலம் ஆய்வுக் கம்பெனி சார் போன்.

"மேடம், புதன்கிழமை இருப்பீங்க இல்ல? யாராவது கேட்டா நேர்ல போய் அளந்தேன்னு சொல்லிடுங்க. ஒவ்வொரு தாள்லயும் உங்க சைன் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். மே மாதம் நான் வீட்டில் கிடந்தது அவருக்குத் தெரியும். பகலில் தூங்குகிற மனுஷன், ஃபேன் யார் பக்கம் திரும்புவது என்று தினம் சண்டை.

"வாயத் தொறக்காத மேரி. சொரங்கம் வந்தா எனக்கு பர்மனென்ட் வேல போட்டுக் குடுக்கறேன்னு சொல்லிக்கிறாங்க. ஆதரவு லிஸ்ட்ல நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"போன மாசம்."

இத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

பூசை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர். மூன்றாவது ஆள் உள்ளே போனதும் வெளியே வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஒரு புது நோட்டு வாங்கினேன். பழைய நோட்டு மாதிரியே கோடு போட்டது. எதற்கு வாங்கினேன் என்று எனக்கும் தெரியும், எழுதத்தான் கூசுகிறது. அட்டையைக் கசக்கினேன், இரண்டு சொட்டு டீ விட்டேன். ஏப்ரல் முதல் வாரம். ஒன்றாம் கிணறு, இரண்டாம் கிணறு என்று வேகமாகவே வந்தது. ஏழாம் கிணற்றில் பேனா நின்றது. அண்ணன் கிணறு. அந்தக் கோடையில் அதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது? எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால்தானே தெரியும். கூடவே விளையாடி வளர்ந்த கிணறு, வறண்டு கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை.

நோட்டைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஈர விறகு. பாதிதான் எரிந்தது, மீதியைக் குச்சியால் தள்ளித் தள்ளி.

நவம்பர் 24, திங்கள்

தூறல். அண்ணனின் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். அண்ணியும் இருந்தார், மாட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். நான் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதினேன், நோட்டிலும் பொய்தான்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"யார் யாருக்குத் தெரியும்?"

"அவருக்கு மட்டும்."

"அப்ப வேற நோட்டு எழுது."

"அண்ணா, அதுவும் பொய்யிண்ணா."

"இன்னா பொய்யி? கெணறு காஞ்சிது நெஜம்தானே? காஞ்சத காஞ்சிதுன்னு எழுதறதுக்கு இன்னாடி?"

"எவ்ளோ காஞ்சிதுன்னு நான் பாக்கல."

"நான் சொல்றேன், எழுதிக்கோ."

அவரும் பார்க்கவில்லை. சித்திரை வைகாசி முழுக்க அறுப்பு மெஷினோடு வெளியூரில்தான் இருந்தார். அதை அவரிடம் யார் சொல்வது? அண்ணி புல்லுக்கட்டை இறுக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"எத்தினி பேரு நெலம் பாப்பா. உன் ஒரு கையெழுத்துல இருக்குது. நாள மறுநாளு நோட்டோட வா" என்றார் அண்ணன்.

இவரிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று போனேன். இரண்டு மடங்காகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

குழம்பில் இரண்டு தடவை உப்பு. கேஸ் மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

பயம்: போலீஸ். அண்ணன். ஒன்றரைக் காணிப் பெரியவர். வீட்டுக்காரருக்குச் சொன்ன பர்மனென்ட் வேலை போய்விடுமோ. மைக். எல்லாவற்றையும்விட மைக்.

"வில்லியனூர்ல உன் பிரெண்டு வூட்டுக்குப் போயிடேன். காய்ச்சல்னு சொல்லிக்கலாம்" என்றார் அவர். பை எடுத்து இரண்டு புடவை வைத்தேன். சாயங்காலம் எடுத்து மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். மே மாதமும் இப்படித்தான், போகாமல் இருந்து பார்த்தேன்.

நவம்பர் 26, புதன்

மண்டபம் நிறையப் போலீஸ். வேன் வேனாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சட்டையில் "சுரங்கம் வேண்டும்" என்று அட்டை குத்தியிருந்தது. பாதி முகம் இந்தப் பக்கத்து முகமே இல்லை. ஊர் ஆதரவாம்.

அண்ணன்தான் முதலில்.

"டெல்லி பர்மிசன் கடுதாசிய காட்டுங்க. எவன் பணம் போடறான்னு சொல்லுங்க. நாளைக்கி பாதி தோண்டிட்டு ஓடிட்டான்னா பள்ளத்த மூடறது யாரு?"

பரிசீலனையில் உள்ளது, பிறகு தெரிவிக்கப்படும் என்று மேடையிலிருந்து பதில். ஒரே கூச்சல். அதற்கு நடுவில் அண்ணன், "கெணறு அளந்தவ என் தங்கச்சி. அவ பேசுவா" என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

நோட்டு எங்கே என்று அவர் கண் என் பையைத் தேடியது. பழைய நோட்டைத்தான் எடுத்தேன்.

சொன்னது இவ்வளவுதான்: "இதுல ஏப்ரல், மே எழுதனது எல்லாம் பொய்யி. நான் போவல. வூட்டுல உக்காந்து எழுதினேன். கம்பெனியும் மாத்தல, யாரும் மாத்தல. இத நம்பி எதுவும் முடிவு பண்ணாதீங்க. ஒரு கோடை முழுக்க மறுபடி அளங்க."

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆய்வுக் கம்பெனி சார் எழுந்தார். குடும்பத்து நெருக்கடியால் இப்படிப் பேசுகிறேனாம், அளவு எல்லாம் சரிதானாம். அது எதிர்பார்த்ததுதான். அடுத்து அண்ணன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"இவ பொய் சொல்றா. இவ நல்லாத்தான் அளந்தா. இவ புருசன் ஆதரவு லிஸ்ட்ல இருக்கறான். ரெண்டு பேரும் வெல போயிட்டாங்க!"

திங்கட்கிழமை நான் சொன்னதையெல்லாம் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட மனுஷன். மைக்கில் அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

இரண்டு தரப்பும் சேர்ந்து நான் அளந்தேன் என்கிறது. நான் மட்டும் இல்லை என்கிறேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க போகலைன்னு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றார். பின் சுவரோரம் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பார்த்தேன். குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். இரண்டு சாட்சி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரியின் ஆபீசில். இல்லாவிட்டால் அறிக்கை உள்ளபடியே மேலே போகும்.

வெளியே வந்தால் ஸ்கூட்டி சீட்டை யாரோ பிளேடால் நீளமாகக் கிழித்திருந்தார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

கடைக்காரி மாவு தீர்ந்துவிட்டது என்றாள். எனக்குப் பின்னால் நின்றவளுக்குக் கொடுத்தாள்.

அவர் வேலைக்குப் போகவில்லை. நாலு மணிக்கு, "குடு அந்தப் பேப்பர" என்றார். "மே மாதம் பகலில் என் மனைவி வீட்டில்தான் இருந்தாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நேத்தே சொல்லியிருக்கணும்" என்றார். அழுகை வந்தது. கூடவே, அந்த பர்மனென்ட் வேலை போனால் என்ன செய்வது என்றும்.

ஒரு சாட்சி ஆயிற்று. இன்னொன்றுக்கு யார் இருக்கிறார்கள்?

நவம்பர் 28, வெள்ளி

ஏழரைக்குப் பின்பக்கக் கதவு தட்டுகிற சத்தம். அடிக்க வந்துவிட்டார்கள் என்று அரிவாள்மனையை எடுத்தேன். அண்ணி. முக்காடு போட்டு, நடந்தே வந்திருக்கிறார்.

"அவரு டீக்கடைக்குப் போயிருக்காரு. சாட்சிப் பேப்பர சீக்கிரம் குடு. மே மாசம் நாந்தான் தெனம் கொட்டாய்ல கெடந்தேன். கொடம் எறக்கி சேறு மோந்தது நானு. நீ ஒரு நாளு கூட வரல. எனக்குத் தெரியாதா?"

"அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"பேனா குடுடி."

நின்றபடியே எழுதினார். பெயர் ஸ்டெல்லா. அடுத்த கட்டம், கணவர் பெயர். பேனா அங்கே நின்றது. எழுதாமல் விட்டால் செல்லாதா என்று கேட்டார். செல்லாது என்றேன். அருள்தாஸ் என்று எழுத்து எழுத்தாக எழுதினார். முகவரி, அண்ணன் வீட்டு முகவரி. பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

பேப்பர் மேசைமேல். இதைக் கொடுத்தால் இன்று சாயங்காலத்துக்குள் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் என் பொய் டெல்லி வரை போகும். அண்ணி அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு. இப்போது எட்டே கால்.