வெற்றுத்தாளில் அப்பாவின் கையெழுத்து

பிப்ரவரி 3

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். இல்லாமல் என்ன! நேற்று வக்கீல் தன் ஆபீசில் வைத்து அப்பாவின் உயிலைப் படித்தார். வீடு முழுக்க உனக்கு. எனக்குத் தையல் மிஷினும், "தேவைப்படும்வரை" பின்னறையும். தேவைப்படும்வரையாம்! சம்பளத்துக்கு வந்தவளிடம்கூட இதைவிட மரியாதையாகச் சொல்வார்கள்.

ஒன்பது வருஷம் அவரைக் குளிப்பாட்டியவள் நான். சவரம் செய்துவிட்டவள் நான். நீ வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து இறங்குவாய். அன்றைக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "என் ராஜாத்தி வந்துட்டா" என்பார். என்னை ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏய், துண்டு எங்க?" அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிகிறது குட்டி. மறைத்து என்ன ஆகப்போகிறது?

கூடத்தில் ஒழுகுகிறது. இனி அது உன் கூரை.

அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வீட்டில் பாதியை உன் பெயருக்கு எழுதித் தருகிறேன் என்று வக்கீலுக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன். உன்னிடம் சொன்னாரா?

நீ என்னைத் திட்டு, பரவாயில்லை. ஆனால் நீ அவர் பக்கத்திலேயே இருந்தாய். நான் ஒரு வாரத்து விருந்தாளி. எனக்கும் எரிந்திருக்கிறது, எழுதியதில்லை, அவ்வளவுதான்.

உன் குட்டி

*

மார்ச் 11

குட்டிக்கு,

வக்கீல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பாதியை நீயே வைத்துக்கொள். நீ பார்த்துப் போடுவதை வாங்கிக்கொள்ள நான் கையேந்தி நிற்கவில்லை.

சேதி வேறு. வக்கீலின் பீரோவில் இன்னொரு உயில் அகப்பட்டிருக்கிறது. முதல் உயிலுக்கு நாலு மாதம் பிந்தியது, அதனால் இதுதான் செல்லுமாம். அவருடைய குமாஸ்தாவும் ஜெராக்ஸ் கடைக்காரரும் சாட்சி. வீடு எனக்கு. அதைவிட முக்கியம், அதில் இப்படி இருக்கிறது: "என் மூத்த மகள் எனக்குத் தாயாக இருந்தாள். அவளைப் போல் ஒரு பிள்ளை யாருக்கும் வாய்க்காது." படித்தாயா? இன்னொரு தடவை படி. உன்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

வக்கீலுக்கு முன்னறையை ஆபீசாகக் கொடுத்திருக்கிறேன். போர்டு மாட்டியாயிற்று.

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்கா,

உன் வக்கீல் எனக்கும் போன் பண்ணினார். அப்பப்பா, குரலில் என்ன குழைவு! "மேடம், உங்க அப்பா எங்கிட்ட வெத்துத்தாள்ல நாலு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். அவசரத்துக்கு ஆகும்னு நான்தான் வாங்கி வெச்சேன். ஒண்ணு உங்க அக்காவுக்குப் போயிடுச்சு. மூணு இருக்கு. அதுக்கும் பிந்தின தேதி போட்டு உங்களுக்கு ஒண்ணு எழுதிடலாம். பீஸெல்லாம் வேணாம், மாடியைக் குடுத்தாப் போதும்" என்றார். நாம் இன்னும் இரண்டு உயில் சண்டை போட்டால் வீடு முழுக்க அவருக்கே போய்விடும்.

வீடு கிடக்கட்டும். அந்த வரிகளைச் சொன்னது யார் அக்கா? அதை மட்டும் எனக்குச் சொல்.

குட்டி

*

ஏப்ரல் 12

குட்டி,

நான்தான்.

"காரணம்னு ஏதாவது போடணும், அப்பா சொல்ற மாதிரி நீங்களே சொல்லுங்க" என்றார் வக்கீல். சொன்னேன். "தாயாக இருந்தாள்" என்பதை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. டைப் அடிக்கிற பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டுக்கு வந்தும் அதை எடுத்து எடுத்துப் படித்தேன். நான் எழுதியதென்று தெரிந்தும் அழுகை வந்தது.

போலீசுக்குப் போவதென்றால் போ. ஒன்று மட்டும் கேட்கிறேன், சத்தியமாகச் சொல். என்னைப் பற்றி உன்னிடமாவது ஏதாவது சொன்னாரா? ஒரு வார்த்தை?

அக்கா

*

மே 2

அன்புள்ள அக்கா,

இத்துடன் ஒரு பத்திரம் இருக்கிறது. முதல் உயில்படி எனக்கு வந்த வீட்டை, வேறொரு வக்கீலை வைத்து, உன் பெயருக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பொய்த்தாளைக் கிழித்துப் போடு. முன்னறைக்காரரைப் போர்டோடு வெளியே அனுப்பு. வக்கீல் சங்கத்துக்கு அவர்மேல் புகார் எழுதிவிட்டேன். உன்னை இழுக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: சொன்னார். முதல் உயில் எழுதிய அன்றே எனக்கு ஒரு கடிதம் போட்டார். ஆறு பக்கம். வீட்டைப் பற்றி நாலே வரி. வீட்டை உனக்குக் கொடுத்தால் அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிடப்பாய், தனக்குப் பிறகாவது நீ வெளியே போய் வாழவேண்டும், அதனால்தான் எனக்கு என்று. மிச்சமெல்லாம் நீ. நீ கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே உன் மனசு தெரிந்துவிடும் என்பதுவரைக்கும். எனக்கு வந்த கடிதத்தில் நான் எங்கே என்று தேடினேன். கடைசியில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று ஒரு வரி. அன்றையிலிருந்து உன்மேல் எனக்கு இருக்கிற பொறாமை உனக்குத் தெரியாது அக்கா.

அனுப்பத்தான் அதை இந்த உறையில் வைத்தேன். ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்து எடுத்துவிட்டேன். அதையும் கொடுத்துவிட்டால் அப்பா தந்ததென்று என்னிடம் எதுவும் இருக்காது.

வீடு உனக்கு. கடிதம் எனக்கு. கேட்டு எழுதாதே, தரமாட்டேன்.

தங்கை